மகளின் அலுவலகத்துக்கு நான்கு சக்கரங்கள்

என்றும் என் மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், எவருடைய உதவியும் இல்லாமல், தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்ளும் கடிதம். இங்கே உங்கள் தங்கையின் முழங்கால் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் முழங்கால் உட்பட சௌக்கியம் என்று நம்புகிறேன்.

முதலில் இந்தக் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். ஒரு எழுத்து நிமிர்ந்து நிற்கிறது, பக்கத்து எழுத்து படுத்துக் கிடக்கிறது, அடுத்தது இருவரோடும் பேச்சுவார்த்தை இல்லாதது போலத் தள்ளி நிற்கிறது என்று நீங்கள் முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. அதற்குக் காரணம் உண்டு. எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தது ஒரே ஆள் இல்லை. ‘க’ சொல்லிக்கொடுத்த பையன் எதையும் வலது பக்கம் சாய்த்தே எழுதுகிறவன், அவன் உட்காருவதே அப்படித்தான். ‘ழ’ சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு அலங்காரம் பிடிக்கும், அதனால் என் ‘ழ’வின் வால் அடுத்த வரியில் இருப்பவர்களையும் தொந்தரவு செய்யும். ‘ண’ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவனை, அவன் முறை வந்துவிட்டது என்று பாதியில் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். ஆகவே அதற்கு எத்தனை சுழி என்பதில் எனக்கு இன்னும் குழப்பம். கொஞ்சம் தாராளமாகவே போட்டிருக்கிறேன், மிஞ்சியதை நீங்கள் கழித்துக்கொள்ளுங்கள்.

இத்தனை வருஷமும் எனக்காகக் கடிதம் எழுதியவர் நீங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய் வலிக்கச் சொல்வேன். நீங்கள் இரண்டு வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடுவீர்கள். “அவ்வளவுதானா மச்சான்?” என்று கேட்டால், “எல்லாம் அதுல அடங்கிருச்சு மாப்ள” என்பீர்கள். இப்போது பேனா என் கையில் இருக்கிறது. இந்தக் கடிதத்தில் எதுவும் அடங்கப் போவதில்லை. காலையில் காபி குடித்ததும் உட்கார்ந்தவன், உங்கள் தங்கை சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. “இன்னும் முதல் பக்கத்துலயா இருக்கீங்க? கல்வெட்டு வெட்டுறவன்கூட இதுக்குள்ள கிளம்பிப் போயிருப்பான்” என்று சொல்லிவிட்டுப் போகிறாள். போகட்டும். எழுதத் தெரிந்தவர்களுக்கு எழுதுகிறவனின் அருமை தெரியாது.

முன்பே பாப்பாவிடம் சொன்ன வேலையைப் பற்றிப் போன வாரம் நீங்கள் மறுபடியும் எழுதிய கடிதம் கிடைத்தது. நானே படித்தேன். பாப்பா இந்தக் கல்லூரி வேலையை விட்டுவிட்டு உங்கள் சிநேகிதரின் கிடங்கு அலுவலகத்தில் சேர வேண்டும், அங்கே தனி மேஜை, மேஜைக்கு இழுப்பறை, இழுப்பறைக்குப் பூட்டு, தலைக்கு மேலே மின்விசிறி எல்லாம் தருவார்கள், சிநேகிதர் காத்துக்கொண்டிருக்கிறார், “சேருவாளா மாட்டாளா, ஒரே வரியில பதில் போடுங்க மாப்ள” என்று கேட்டிருந்தீர்கள். ஒரே வரியில் பதில்: சேர மாட்டாள். உங்கள் வரி முடிந்தது. இனி வருவதெல்லாம் என் வரிகள்.

பாப்பாவின் வேலை என்ன என்று உங்களுக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை என்று நினைக்கிறேன், எனக்கே சமீபத்தில்தான் புரிந்தது. ஊரில் கேட்பவர்களிடம் நாம் புரொபசர் என்று சொல்லிக்கொள்கிறோம். அவள் பகுதிநேர விரிவுரையாளர். பகுதிநேரம் என்றால் கொஞ்ச நேரம் வேலை, மிச்ச நேரம் ஓய்வு என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் ஒரு கல்லூரி, மாலையில் இன்னொரு கல்லூரி, நடுவில் ரோட்டில் சாப்பாடு. ஒவ்வொரு பருவம் முடியும்போதும் வேலையும் முடிந்துவிடும். அடுத்த பருவத்துக்குக் கூப்பிடுவார்களா என்பது, கூப்பிட்டு வகுப்பும் பாதி நடந்த பிறகுதான் ஆர்டர் என்று காகிதத்தில் வரும். அவளுக்கு அங்கே அறை கிடையாது, மேஜை கிடையாது. பெயரும் கிடையாது. நான் படிக்கக் கற்றதும் ஆசை ஆசையாக மாலைக் கல்லூரியின் அறிவிப்புப் பலகைக்குப் போய், எந்த வகுப்பு யாருக்கு என்று ஒவ்வொன்றாகப் படித்தேன். சமூகவியலில் ஒரு வகுப்புக்கு நேரே ‘ஆசிரியர் பின்னர் அறிவிக்கப்படுவார்’ என்று போட்டிருந்தது. பாவம், யாரோ ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள் என்று வருத்தப்பட்டு வேனுக்கு வந்து பாப்பாவிடம் சொன்னேன். அவள் விடைத்தாளில் இருந்து தலையைத் தூக்காமல், “அது நான்தாம்ப்பா. நான் சேர்ந்த நாள்ல இருந்து அதுதான் என் பேரு” என்றாள்.

வேன் என்று சொன்னேன் இல்லையா, அதுதான் முக்கியம். ரொட்டிக் கம்பெனி என்னையும் என் வேனையும் ஒரே நாளில் ஓய்வு கொடுத்து அனுப்பியது உங்களுக்குத் தெரியும். “இந்த ஓட்டை வண்டிய வாங்கி என்ன பண்ணப் போறீங்க மாப்ள?” என்று நீங்கள் அன்றைக்குக் கேட்டீர்கள். பதில் தாமதமானாலும் சொல்கிறேன்: சமூகவியல் துறை நடத்துகிறேன். பாப்பாவுக்கு ஆசிரியர் அறையில் உட்காரக் காலியாக இருந்தது ஒரே நாற்காலி. அதிலும் ஒரு நிரந்தரப் பேராசிரியரின் கைப்பை காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருக்கும். அவருக்கு வேறு நாற்காலி உண்டு, இது பைக்கு. அந்தப் பேராசிரியருக்கு எங்கள் வீட்டில் ‘நிரந்தரம்’ என்று பெயர். பாடத்தில் சந்தேகம் கேட்க வரும் பிள்ளைகளைப் பாப்பா படிக்கட்டில் உட்காரவைத்துப் பேசினாள், கூட்டுகிற அம்மா எழுப்பிவிட்டாள். கேன்டீனில் உட்காரவைத்தாள், எதையாவது வாங்கினால்தான் நாற்காலி என்றார்கள். மரத்தடிக்குப் போனாள், மழை வந்தது. அன்றைக்கு நான் வேனின் பின்கதவைத் திறந்துவிட்டேன். அடுத்த வாரம் ரொட்டி அடுக்கும் தட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு பெஞ்சும் மடக்கு மேஜையும் போட்டேன். அதற்கு அடுத்த வாரம் பிள்ளைகளே, “துறை இன்னிக்கு எங்கடா நிக்குது?” என்று கேட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு குறை, வண்டியில் இன்னும் ரொட்டி வாசனை போகவில்லை. உள்ளே வருகிற ஒவ்வொரு பிள்ளையும் பசிக்கிறது பசிக்கிறது என்கிறது. இந்தத் தலைமுறையே பட்டினி கிடக்கிறது என்று பாப்பா ஒரு கட்டுரை எழுதும் அளவுக்குப் போய்விட்டாள். நல்லவேளை, எனக்கும் பசிக்கிறது என்று நான் சொன்னதும்தான் அவளுக்கு விஷயம் உறைத்தது.

உள்ளே ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வெளியே காத்திருக்க வேண்டும். டாக்டர் வீட்டு வாசலில் இருப்பார்களே, அது போல நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து வரிசையைப் பார்த்துக்கொண்டேன். “என்ன விஷயமா மேடத்தப் பாக்கணும்?” என்று முதலில் நானே விசாரிப்பேன். சும்மா மார்க் கேட்டு அழ வந்தவர்களைக் கடைசியில் விடுவேன், அதற்குள் அழுகை காய்ந்துவிடும். காத்திருக்கும் நேரத்தில் அந்தப் பிள்ளைகள் சும்மா இருக்கமாட்டாமல், “தாத்தா, உங்க வண்டில எழுதியிருக்கிறது என்னன்னு தெரியுமா?” என்று ஒரு நாள் ஆரம்பித்தார்கள். வாழ்நாள் முழுக்க நான் ஓட்டிய வண்டி. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ‘அன்றாடம் புதிது’ என்று எழுதியிருக்கிறதாம். அந்த ‘அ’வில் ஆரம்பித்ததுதான். பாப்பாவுக்கு மட்டும் ஒரு அறை கொடுத்திருந்தால், மச்சான், நான் இன்றைக்கும் கைநாட்டுதான்.

இப்படித் துறை நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் இந்தப் பருவம் பிறந்தது. முதல் நாளே வாட்ச்மேன் கையைக் குறுக்கே நீட்டினார். அவரை எல்லோரும் ‘விசில்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இலை விழுந்தாலும் ஊதுவார். “பெருசு, புது ரூல். ஸ்டிக்கர் இல்லாத வண்டி உள்ள போகக்கூடாது.” நிரந்தர ஆசிரியர்களுக்கு நீல ஸ்டிக்கர், மாணவர்களுக்கு மஞ்சள் ஸ்டிக்கர். பகுதிநேர ஆசிரியருக்கு என்ன நிறம் என்று கேட்டேன். “அவங்களுக்கு ஆர்டர் வந்ததும் நிறம் முடிவு பண்ணுவாங்க” என்றார். ஆர்டர் எப்போது வரும் என்பதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். ஆகவே துறையை வெளியே மெயின் ரோட்டில் நிறுத்தினோம். பாப்பா ஒரு பிள்ளைக்குக் குடும்ப அமைப்பைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் பஸ் வந்து ஹார்ன் அடிக்கும். நான் வண்டியை எடுப்பேன். ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்துவதற்குள் விளக்கம் முடிந்திருக்கும், ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தலை சுற்றும். வாசலில் காத்திருந்தவர்கள் வண்டியின் பின்னாலேயே ஓடி வருவார்கள். படிப்பில் இவ்வளவு வேகம் எந்தக் கல்லூரியிலும் இருக்காது.

அதே வாரத்தில்தான் பெரிய இடி. நிரந்தரம் எடுக்கும் மாலை வகுப்பில் சேர ஆள் போதவில்லை, ஒரே ஒரு ஆள் குறைகிறது. வெள்ளிக்கிழமைக்குள் ஆள் சேராவிட்டால் அந்த வகுப்பை எடுத்துவிடுவார்கள். இதில் நமக்கென்ன என்று நானும் இருந்தேன். பாப்பா சொன்ன பிறகுதான் தெரிந்தது. நிரந்தர ஆசிரியர் ஒருவரின் வகுப்பு விழுந்தால், அவர் சும்மா இருக்கக்கூடாது என்பதற்காக, பகுதிநேர ஆசிரியரின் நிரம்பிய வகுப்பை எடுத்து அவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பகுதிநேரம் வீட்டுக்குப் போகலாம். பஸ்ஸில் நாம் முதல் ஸ்டாப்பிலிருந்து நின்றுகொண்டே வந்து பிடித்த சீட்டை, பாதியில் ஏறியவர் தோளைத் தட்டி வாங்கிக்கொள்வது மாதிரி. பாப்பாவின் வகுப்புதான் நிரம்பி வழிந்தது. துறைத்தலைவரிடம் போய்க் கேட்டாள். அவர் நல்ல மனிதர், “பாப்போம்மா” என்றார். அவர் எல்லாவற்றுக்கும் பாப்போம்மாதான்.

அன்றைக்குச் சாயங்காலம் பாப்பா வேனுக்குள் ஏறினாள், மடக்கு மேஜையை மடக்கினாள், கயிறு போட்டுக் கட்டினாள். “மாமா சொன்ன வேலைக்கே போயிடறேம்ப்பா. அங்க பூட்டுப் போட்ட டிராயர் இருக்காம்” என்றாள். “டிராயர்ல வைக்க உங்கிட்ட என்ன இருக்கு?” என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, எனக்கும் வரவில்லை. வண்டியை வீட்டுக்குத் திருப்பினேன். வழியெல்லாம் அந்தக் கட்டிப்போட்ட மேஜை பின்னால் தடதடத்துக்கொண்டே வந்தது. ரொட்டிக் கம்பெனிக்காரன் என்னைப் போகச் சொன்னபோதுகூட எனக்கு இப்படி இல்லை. சரி, வகுப்பைக் காப்பாற்ற என்னால் முடியாது. துறையையாவது உள்ளே கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை என்று அப்போதே முடிவெடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நன்றாக உடுத்திக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்கள்.

“வண்டிக்கு ஸ்டிக்கர் வேணும்மா.”

“யாரு நீங்க?”

“மேடத்தோட டிரைவர்.”

“எந்த மேடம்?”

“பின்னர் அறிவிக்கப்படுற மேடம்.”

“ஆர்டர் வந்திடுச்சா அவங்களுக்கு?”

“வந்திருந்தா நான் ஏம்மா உங்க முகத்துல முழிக்கிறேன்?”

“அப்போ ஸ்டிக்கர் கிடையாது. அடுத்த ஆள்.”

நான் நகரவில்லை. “பின்ன யாருக்குத்தான் குடுப்பீங்க?”

“நிரந்தரமா இருக்கிறவங்களுக்குக் குடுப்போம், படிக்கிறவங்களுக்குக் குடுப்போம்.”

“நானும்தான் படிக்கிறேன்.”

“என்ன படிக்கிறீங்க?”

“இப்போதைக்கு உங்க தலைக்கு மேல இருக்கிற போர்ட.”

உண்மையாகவே அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன், மச்சான். எழுத்தைக் கண்டால் இப்போதெல்லாம் கண் தானாகப் போய்விடுகிறது. ‘மாலைநேரச் சான்றிதழ் வகுப்புகள். எந்த வயதினரும் சேரலாம். தகுதி: எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்’ என்று போட்டிருந்தது. அந்தத் தகுதி எனக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகிறது, இன்னும் சூடு ஆறவில்லை. “சேத்துக்கோங்கம்மா” என்றேன். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்கள். பாப்பாவின் வகுப்பைச் சொன்னேன். அது நிரம்பிவிட்டது, அதோடு ஆசிரியர் வீட்டில் குடியிருப்பவர்கள் அவர் வகுப்பில் சேரக்கூடாது என்று விதி இருக்கிறதாம். “இடம் இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். ‘உழைப்பும் சமூகமும்’. போடட்டுமா?” உழைப்பு என்றதும் பழகிய சங்கதியாகத் தெரிந்தது. “ஸ்டிக்கர் தருவீங்கல்ல?” “தருவோம்.” “அப்போ போடுங்க” என்றேன்.

பெயரை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எழுதினேன். நான் எழுதுகிற வேகம்தான் உங்களுக்குத் தெரியுமே. எனக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டியது. ஒருவர் கொட்டாவி விட்டார், ஒருவர் “ஐயா, சுருக்கமா ஒரு கோடு போட்டாலும் ஒத்துக்குவாங்க” என்றார். கோடு போட்ட காலமெல்லாம் போய்விட்டது என்று சொல்லிவிட்டுக் கடைசிப் புள்ளியையும் வைத்தேன். வரிசை முழுக்கக் கை தட்டியது. அது பாராட்டா, பெருமூச்சா என்று நான் ஆராயவில்லை. மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு வேனை வாசலுக்குக் கொண்டுவந்தேன். விசில் கையை நீட்டினார், ஸ்டிக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாழ்க்கையில் முதல் தடவையாக ஊத மறந்தார். “என்ன கிளாஸ் பெருசு?” என்றார். “காலேஜ்” என்றேன்.

மரத்தடியில் துறையை நிறுத்தி, கயிற்றை அவிழ்த்து, மேஜையை விரித்துவைத்துவிட்டு, காலைக் கல்லூரிக்கும் போகாமல் வீட்டில் இருந்த பாப்பாவை பஸ்ஸில் போய் அழைத்து வந்தேன். அவள் ரசீதை வாங்கிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. “அப்பா, யார் கிளாஸ்ல சேந்திருக்கீங்க தெரியுமா?” எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிரந்தரத்தின் வகுப்பு. பெற்ற மகளின் சோற்றைப் பறிக்கிறவனிடம் போய், ஒரு மஞ்சள் காகிதத்துக்கு ஆசைப்பட்டு, மாணவனாகச் சேர்ந்திருக்கிறேன். உங்கள் தங்கைக்குப் போனில் சொன்னால், “ஸ்டிக்கருக்காகப் பொண்ண வித்துட்டீங்களா?” என்று அங்கிருந்தே ஆரம்பித்துவிட்டாள். நான் வேனின் படியில் உட்கார்ந்துவிட்டேன். பாப்பா அந்த ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எழுந்தேன். சிரிக்கிறாள்! பெஞ்சில் விழுந்து சிரிக்கிறாள்! “அப்பா, அவருக்கு ஒரே ஆள்தான் குறைஞ்சது. அந்த ஒரு ஆள் நீங்கதான். அவர் வகுப்பு நிரம்பிடுச்சு. இனி என் வகுப்ப யாரும் தொட முடியாது.”

நான் இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன் என்று சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். உங்கள் தங்கையிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், நீங்கள் காட்டிக்கொடுக்க வேண்டாம்.

ஆனால் வகுப்புக்குப் போக வேண்டுமே. போகாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். நிரந்தரம் உள்ளே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, “பெரியவரே, யாரைத் தேடுறீங்க?” என்றார். “உங்களத்தான் சார், நான் உங்க ஸ்டூடன்ட்” என்றேன். அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். இப்போது ஒன்று சொல்கிறேன், இதைப் பாப்பாவுக்கு எழுதும் கடிதத்தில் தவறிப்போய்க்கூடப் போட்டுவிடாதீர்கள்: மனிதர் அருமையாகப் பாடம் நடத்துகிறார். வெறுப்பதற்கு என்று உட்கார்ந்தவன், மணி அடித்தபோது ‘அதற்குள்ளாகவா’ என்று நினைத்தேன். வெளியே வந்தால் பாப்பா வேனில் காத்திருக்கிறாள். “எப்படி நடத்துறாரு?” என்கிறாள், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு. “சுமார்” என்றேன். “என்னை விடவா?” “உங்கூட ஒப்பிடவே முடியாதும்மா” என்றேன். அது பொய் இல்லை, பாப்பாவின் வகுப்பில் உட்கார எனக்குத்தான் அனுமதி இல்லையே.

ஒரு நாள் நிரந்தரம் வீட்டுப்பாடம் கொடுத்தார். அவரவர் பார்த்த ஒரு வேலையிடத்தைப் பற்றி ஒரு பக்கம். எல்லோரும் மறுவாரமே கொடுத்தார்கள், நான் இரண்டு தவணை வாங்கினேன். ரொட்டி வேனுக்குள் ஏன் பெஞ்சும் மேஜையும் இருக்கின்றன என்பதைத்தான் எழுதினேன், பையின் நாற்காலியையும் சேர்த்து. வகுப்பு முடிந்ததும் அவர் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “அந்த மேடம் உங்களுக்கு என்ன வேணும்?” என்றார். “பொண்ணு சார்.” அவர் கண்ணாடியைத் துடைத்தார். “நானும் பகுதிநேரமா இருந்தவன்தான் பெரியவரே. அந்தப் படிக்கட்டுல உக்காந்தே பாதித் தலை நரைச்சுது. நாற்காலி கிடைச்ச பிறகும் பயம் போகல. எந்திரிச்சா எவனாவது எடுத்திடுவான்னு, காலியா எத பாத்தாலும் கை தானா பையைத் தூக்கி வச்சிடுது” என்றார். “கையெழுத்து எப்படி சார் இருக்கு?” என்று கேட்டேன். “கொடுமையா இருக்கு” என்றார். உண்மையைப் பேசும் மனிதர்.

மறுநாள் பாப்பா வேனுக்கு ஓடி வந்தாள். “அப்பா, பை தரையில இருக்கு. நாற்காலி காலியா இருக்கு.” “உக்காந்தியா?” “எப்படி உக்கார்றது? பயமா இருந்துச்சு, வந்துட்டேன்.” திருப்பி அனுப்பினேன். இப்போது உட்காருகிறாள். ஆனால் பிள்ளைகள் அந்த அறைக்கு வர மாட்டேன் என்கிறார்கள், அங்கே ரொட்டி வாசனை இல்லையாம். அதனால் துறை வேனிலேயே தொடர்கிறது.

ஆகவே, மச்சான், எல்லாம் ஒரு நிலைக்கு வந்துவிட்டது. பாப்பாவின் வகுப்பு அவளிடமே இருக்கிறது, வேன் உள்ளே நிற்கிறது, நாற்காலியும் வந்துவிட்டது. உங்கள் சிநேகிதரிடம் அந்த இழுப்பறையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லுங்கள். இத்தனை காலம் எல்லாவற்றுக்கும் உங்களிடம்தான் வந்து நின்றேன். இனி என் கடிதத்தை நானே எழுதுவேன், உங்களிடம் எந்த உதவியும் கேட்கப் போவதில்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி, உங்களுக்கு இரண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை,
சான்றிதழ் வகுப்பு மாணவன்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நானே அடித்திருப்பேன், ஒவ்வொரு எழுத்துக்கும் பட்ட பாட்டை நினைத்தால் மனசு வரவில்லை. கடிதத்தை மடிக்கும்போது பாப்பா வந்தாள். நிரந்தரத்துக்கு ஏதோ ஆராய்ச்சிக்காக நீண்ட விடுப்பு கிடைத்துவிட்டதாம். போகும்போது, தன் வகுப்பையும் பாப்பாவிடமே கொடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். துறைத்தலைவர் பாப்போம்மா என்று சொல்லாமல் சரிம்மா என்றாராம், இரண்டு வகுப்பையும் அவள் நடத்தினால் பலகையில் அவள் பெயரையே எழுதிவிடுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். நான் துள்ளினேன். அப்புறம்தான் விதி ஞாபகம் வந்தது. அவள் வீட்டில் குடியிருக்கிற நான் அவள் வகுப்பில் இருக்க முடியாது. என் பெயரை எடுத்தால் ஸ்டிக்கர் போகும், துறை மறுபடியும் ரோட்டுக்கு வரும், வகுப்பில் ஒரு ஆள் குறையும், வகுப்பும் விழும். திங்கட்கிழமைக்குள் எழுதப் படிக்கத் தெரிந்த, எங்கள் வீட்டில் குடியில்லாத ஒரு ஆள் வேண்டும். உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? திங்கட்கிழமை காலை பஸ்ஸில் கிளம்பி வந்துவிடுங்கள், ஸ்டாப்பில் வேனோடு நிற்கிறேன். உங்கள் ஸ்டிக்கரை அந்த வேனில்தான் ஒட்ட வேண்டும். வகுப்பு முடிந்து எங்கள் வீட்டில் மட்டும் தங்க முடியாது, விதி, நானே பஸ் ஏற்றிவிடுகிறேன். வரவில்லை என்றால் அடுத்த வாரமும் இதே நீளத்தில் எழுதுவேன், வரும்வரை வாரா வாரம் எழுதுவேன், எனக்கு இப்போது எழுதத் தெரியும். பாப்பாவுக்கு அந்தப் பெயரை வைத்தது நீங்கள்தானே, மச்சான். அது பலகையில் ஏறும்போது பக்கத்தில் நின்று நீங்கள் வாசிக்க வேண்டாம். அதை நான் வாசிக்கிறேன். நீங்கள் வந்து வகுப்பில் உட்கார்ந்தால் போதும்.